ஒருவரா, இருவரா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கடையில், இணையதளத்தில், கைபேசியில், மடிக்கணினியில் என்று பல வழிகளில் வந்துபோகும் ஒரு வாடிக்கையாளரை நிறுவனங்கள் எப்படி ஒரே ஆளாக அடையாளம் காண்கின்றன, அப்படிக் காண்பது எந்த அளவுக்குச் சரி என்று கடைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், வாடிக்கையாளர்களும் கேட்டிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஈரோட்டில் எங்களுக்கு இரண்டு ஜவுளிக் கடைகள் உள்ளன. இணையதளத்திலும் விற்கிறோம், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாகவும் ஆர்டர் வருகிறது. தீபாவளிக்கு முன்னால் பழைய வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்தபோது, ஒரே அம்மா நான்கு இடங்களில் நான்கு விதமாக இருந்தார். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஒன்றாக்கித் தருவதாக ஒரு மென்பொருள் நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?
– ஜவுளிக் கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: ஒரே சொடுக்கில் ஒன்றாக்க முடியும். அப்படிச் சேர்ந்தவற்றில் எது சரி, எது தவறு என்பதைத்தான் அந்தச் சொடுக்கு உங்களுக்குச் சொல்லாது. நீங்கள் அனுப்பியிருந்த நான்கு வரிகளையே எடுத்துக்கொள்வோம். அந்த அம்மாவின் பெயரை மாற்றி மாலதி என்று எழுதுகிறேன். முதல் கடையின் பில்லில் ‘கே. மாலதி’ என்று இருக்கிறது. கைபேசி எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம். இரண்டாவது கடையில் ‘மாலதி ஆர்’. எண்ணின் நடுவே ஓர் இடைவெளி. வாட்ஸ்அப்பில் எண்ணுக்கு முன் 91 சேர்ந்திருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓம் சக்தி’. இன்ஸ்டாகிராமில் எண்ணே இல்லை, ஒரு புனைபெயர் மட்டும்.

முதல் மூன்றைச் சேர்ப்பது எளிது. நம் நாட்டுக் கைபேசி எண் பத்து இலக்கங்கள் கொண்டது. 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குவது. முன்னால் ஒட்டியிருக்கும் சுழியத்தையும் 91ஐயும், நடுவில் இருக்கும் இடைவெளியையும் கோட்டையும் நீக்கி, எல்லா எண்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், மூன்றும் ஒன்றே என்பது எக்செல்லிலேயே தெரிந்துவிடும். இப்படி ஓர் அடையாளம் அப்படியே ஒத்துப்போவதை வைத்துச் சேர்ப்பதை இத்துறையில் ‘டிடெர்மினிஸ்டிக்’ முறை என்பார்கள். தமிழில் உறுதிப் பொருத்தம் என்று சொல்லலாம்.

ஆனால் சேர்க்கத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எந்த எண்ணில் மிக அதிகமான பில்கள் இருக்கின்றன என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலிடத்தில் வருவது பெரும்பாலும் உங்கள் சிறந்த வாடிக்கையாளராக இருக்காது. வாடிக்கையாளர் எண் தர மறுக்கும்போதோ, கூட்ட நேரத்தில் கேட்க நேரமில்லாதபோதோ, பில் போடும் பையன் தன் எண்ணையோ பத்து ஒன்பதுகளையோ தட்டிவிடுகிறான். அந்த எண்களை முதலில் ஒதுக்காவிட்டால், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள். அது அதோடும் நிற்காது. அந்தப் பதிவுகளில் ஒன்றில் இருக்கும் மின்னஞ்சல் இன்னொரு பதிவை இழுத்துவரும், அந்தப் பதிவு மற்றொன்றை இழுத்துவரும். இதோடு இது சேரும், அதோடு அது சேரும் என்று போகும் இந்தச் சங்கிலிதான் இந்த வேலையில் நான் கண்ட மிகப் பெரிய ஆபத்து.

எண் பொருந்தாத இடங்களில் பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றை வைத்து இவர் அவராக இருக்கக்கூடும் என்று மதிப்பிடுவது ‘ப்ராபபிலிஸ்டிக்’ முறை. இது விளம்பரத் துறை கண்டுபிடித்தது என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் பொதுச் சுகாதாரத்துக்கும் புள்ளியியலுக்கும் உரியது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பிறப்புப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் கணினியைக் கொண்டு இணைத்துக் காட்டிய ஹோவர்ட் நியூகோம்பின் கட்டுரை 1959இல் வந்தது. அந்த வழிமுறைக்கு ஐவன் ஃபெலிகி, ஆலன் சன்டர் ஆகிய இருவரும் 1969இல் கணித வடிவம் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் எளிமையானது: அரிய ஒன்று பொருந்தினால் மதிப்பு அதிகம், பரவலான ஒன்று பொருந்தினால் மதிப்பு குறைவு. இரண்டு பதிவுகளிலும் ‘முருகன்’ என்று இருப்பதால் பெரிதாக எதுவும் தெரியவராது. இரண்டிலும் ‘யாழ்மொழி’ என்று இருந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஈரோட்டில் கடை வைத்திருக்கும் நீங்கள், இரண்டு பேருக்கும் 638001 என்ற அஞ்சல் குறியீடு இருப்பதை ஒரு சான்றாகவே கொள்ள முடியாது.

மேலைநாட்டு மென்பொருள்கள் நம் பெயர்களிடம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அவை குடும்பப் பெயருக்கு அதிக மதிப்புத் தருகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை, இனிஷியல்தான். அதுவும் திருமணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின்னர் பலருக்குக் கணவரின் எழுத்து. ‘கே. மாலதி’யும் ‘மாலதி ஆர்’உம் அந்த மென்பொருளுக்கு இரண்டு குடும்பத்துப் பெண்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். ஒலியை வைத்துப் பெயர்களை ஒப்பிடும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை தரப்பட்டது. இன்றும் பல மென்பொருள்களில் அது இருக்கிறது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை அது. செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘D’ போட்டு எழுதினாலும் ‘T’ போட்டு எழுதினாலும் அது ஒன்றாகவே பிடித்துவிடும். ஆனால் கயல்விழியின் ‘ழி’யை ‘இசட்-எச்’ போட்டு எழுதினால் கே-412 என்றும், ‘எல்’ போட்டு எழுதினால் கே-414 என்றும் இரண்டாகப் பிரித்துவிடும். லக்ஷ்மிக்கு எல்-250, லட்சுமியை நாம் பேசுகிறபடியே எழுத்துக்கூட்டினால் எல்-325. நம் ஊர் வழக்கப்படி ழ, ல, ள மூன்றையும் ஒன்றாகக் கொள்ளும் விதியைத் தனியாகச் சேர்க்க முடியுமா என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். முடியும் என்றால் அவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். முதலாவது, சந்தேகத்துக்கு இடமான இணைப்புகளைத் தனியே எடுத்து மனிதர் பார்வைக்கு வைக்கிறார்களா? ஃபெலிகி – சன்டர் முறையிலேயே ‘ஒன்று’, ‘வேறு’ என்பவற்றுக்கு நடுவில் ‘ஒன்றாக இருக்கலாம்’ என்ற மூன்றாவது அறை உண்டு. அதை மூடிவிட்டு எல்லாவற்றையும் தானாகவே முடிவு செய்யும் மென்பொருள் வேண்டாம். இரண்டாவது, சேர்த்ததைப் பிரிக்க முடியுமா? மூலப் பதிவுகள் நான்கும் அப்படியே இருக்க, இவை நான்கும் ஒருவருடையவை என்ற குறிப்பு மட்டும் தனியே இருக்க வேண்டும். பழையதை அழித்து அதன்மேல் எழுதும் முறையாக இருந்தால், தவறு தெரிந்த பிறகும் உங்களால் திரும்பிப் போக இயலாது.

நான்காவது வரியான அந்த இன்ஸ்டாகிராம் புனைபெயரை இப்போதைக்குத் தனியாகவே விட்டுவிடுங்கள். அடுத்த முறை அவர் ஆர்டர் கொடுக்கும்போது, பார்சல் அனுப்ப எப்படியும் எண் கேட்பீர்கள். அன்றைக்கு அது தானாகச் சேர்ந்துவிடும்.

கேள்வி: நகைக்கடை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரே முகவரியில் இருப்பவர்களை எல்லாம் ‘ஒரு குடும்பம்’ என்று சேர்த்து, ஒரே கணக்காகப் பார்க்கும்படி மேலாளர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: காரணத்தை நான் சொல்கிறேன், நானும் இதே தவறில் ஒரு காலத்தில் பங்கெடுத்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நகைக்கடையின் வாடிக்கையாளர் பட்டியலைச் சீர்செய்யும் குழுவில் இருந்தேன். கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு மூன்றும் பொருந்தினால் ஒரே கணக்கு என்று விதி எழுதியது நாங்கள்தான். ஒரு கணக்கில் இரண்டு எண்கள் இருந்தால், அதிகத் தொகைக்கு வாங்கியவரின் எண்ணை முதன்மையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் எங்கள் விதி. அந்தக் கடையில் பதினொரு மாத நகைச் சீட்டு நடந்தது. வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கினால் 365 நாட்களுக்குள் அதற்கான பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்ற கம்பெனி வைப்புத்தொகை விதியால்தான் நகைக்கடைகள் பதினொரு மாதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் அந்தச் சீட்டில் மாதாமாதம் பணம் கட்டிவந்தார். தையல் கூலியில் மிச்சம் பிடித்த பணம். சீட்டு முடிந்ததும், ‘உங்கள் தவணைகள் நிறைவடைந்தன, நகையைப் பெற்றுக்கொள்ள வாருங்கள்’ என்ற செய்தி அவருடைய கணவரின் கைபேசிக்குப் போனது. முன்பு எப்போதோ மோதிரம் வாங்கியபோது கணவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். அந்த எண்தான் முதன்மையாகியிருந்தது. அந்தப் பெண் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சீட்டு அட்டையைக் கவுன்ட்டரில் வைத்து, அதில் எழுதியிருந்த தன் எண்ணின்மேல் விரலை வைத்து, “ஒரே வீட்டுல இருந்தா ரெண்டு பேரும் ஒரே ஆளாயிடுவமா சார்?” என்று கேட்டார். அன்றைக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அவர் வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று கேட்கும் துணிவும் எங்களுக்கு இருக்கவில்லை.

ஒருவர் இரண்டாகப் பதிவாகியிருந்தால் கடைக்கு ஏற்படும் நட்டம் ஒரு குறுஞ்செய்தியின் காசு. ஒரே வாழ்த்து இரண்டு முறை போகும், அவ்வளவுதான். இருவரை ஒருவராக்கினால் ஒருவருடைய ரகசியம் மற்றவர் கைக்குப் போகிறது. இந்த இரண்டு தவறுகளுக்கும் சம எடை கிடையாது. எனவே விதி எழுதும்போது சேர்க்கும் பக்கம் சாயாமல், பிரித்து வைக்கும் பக்கமே சாய வேண்டும். குடும்பம் என்ற தொகுப்பு உங்கள் மேலாளருக்குப் பயன்படும் என்பது உண்மைதான். ஒரு தெருவில் எத்தனை வீடுகளில் இருந்து வாங்குகிறார்கள் என்ற கணக்குக்கு அதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் சீட்டு, கடன், அடகு, வாங்கிய பொருளின் விவரம் ஆகிய எதுவும் அந்தத் தொகுப்பின் வழியாக யாருக்கும் போகக் கூடாது. எந்த எண்ணைக் கொடுத்துச் சீட்டில் சேர்ந்தாரோ, அந்த எண்ணுக்கு மட்டுமே சீட்டுச் செய்தி போக வேண்டும். இதை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: என் கைபேசியில் ஒரு மிக்ஸியைப் பார்த்தேன், வாங்கவில்லை. மாலையில் கணவரின் மடிக்கணினியில் அதே மிக்ஸி விளம்பரமாக வருகிறது. கைபேசி நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு மற்ற வழிகள் இருக்கின்றன. முதல் வழி, கணக்கு. உங்கள் கூகுள் கணக்கிலோ, அந்த விற்பனைத் தளத்தின் கணக்கிலோ எப்போதாவது கணவரின் மடிக்கணினியில் நுழைந்துவிட்டு வெளியேறாமல் விட்டிருந்தால், இரண்டு கருவிகளும் ஒரே ஆளுடையவை என்று அங்கே உறுதியாகிவிடும். வீட்டில் ஒரு முறை மின்கட்டணம் கட்டவோ, பிள்ளையின் ஹால் டிக்கெட்டை எடுக்கவோ நுழைந்ததுகூடப் போதும்.

இரண்டாவது வழி, ஊகம். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரியுடன், அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் ஒரே எண்ணுடன், தெரிகின்றன. தினமும் இரவில் இரண்டு கருவிகள் ஒரே முகவரியில் கூடுவதை வைத்து, இவை ஒரு வீட்டைச் சேர்ந்தவை என்று விளம்பர நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. கைபேசி நிறுவனங்களின் இணைப்பில் பல பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பதால், வீட்டுக்கு வெளியே இந்த ஊகம் மிகவும் பலவீனமானது. சில சமயம் உங்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத விளம்பரங்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைக்க வழியுண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற பகுதிக்குச் சென்று, விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடலாம். ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த 14.5 பதிப்பிலிருந்து, மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர ஒரு செயலி உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி வரும்போது மறுத்துவிடுங்கள். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். மூன்றில் அதிகம் பயன் தருவது இதுதான்.

கேள்வி: குக்கிகள் ஒழிந்துவிட்டன, இனி இணைய விளம்பரமே மாறிவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– மார்க்கெட்டிங் பயிலும் மாணவர், கோவை

பதில்: பாதி உண்மை. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி 1994இல் உருவாக்கிய குக்கி, நம் கருவியில் தளம் வைக்கும் ஒரு சிறு குறிப்பு; ஒரு தளம் தன் வாடிக்கையாளரைத் தானே நினைவில் வைத்துக்கொள்ள உதவுவது. அது ஒழியவில்லை. ஒரு தளத்தில் இருக்கும்போது வேறொரு நிறுவனம் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிதான் சிக்கலுக்கு உள்ளானது. ஆப்பிளின் சஃபாரி உலாவி அதை 2020 மார்ச் முதல் முற்றாகத் தடுக்கிறது. தன் குரோம் உலாவியில் அதை நீக்கப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உங்கள் வகுப்பின் பாடக்குறிப்பு அதற்கு முந்தையதாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், வாடிக்கையாளர் தானே கொடுத்த எண்ணையும் மின்னஞ்சலையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர்களின் எண்களை விளம்பரத் தளங்களில் ஏற்றினால், அவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம் என்கிறார்கள். எண்கள் ‘ஹாஷ்’ செய்யப்படுவதால் யாருக்கும் தெரியாது, அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார்கள்.
– உணவகப் பங்குதாரர், திருச்சி

பதில்: முதல் பகுதி சரி, கடைசிப் பகுதி தவறு. ஷா-256 என்ற முறையில் ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்தால் 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறியீடு வரும்; குறியீட்டைப் பார்த்து எண்ணை நேரடியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே எண்ணைக் கொடுத்தால் எப்போதும் அதே குறியீடுதான் வரும். விளம்பரத் தளத்திடமும் அதே எண் இருப்பதால்தான் அது உங்கள் பட்டியலோடு பொருத்திப் பார்க்கிறது. பொருத்த முடிகிறது என்றாலே ஆள் தெரிகிறார் என்றுதான் பொருள். மேலும், நம் நாட்டில் இருக்கக்கூடிய எல்லாப் பத்து இலக்கக் கைபேசி எண்களுக்கும் முன்கூட்டியே குறியீடு கணித்து வைத்துக்கொள்வது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையில்லை. ஹாஷ் செய்வதால் தரவு பெயரற்றதாகிவிடாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் வெளிப்படையாகவே எழுதியது. எனவே அனுமதி கேளுங்கள். சாப்பாட்டுக்கு மேசை ஒதுக்கக் கொடுத்த எண், விளம்பரத்துக்குக் கொடுத்த எண் ஆகாது.

கேள்வி: பில் போடும்போது எண் சொன்னால்தான் பில் வரும் என்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டுமா?
– ஓய்வுபெற்ற அலுவலர், நாகர்கோவில்

பதில்: வேண்டியதில்லை. பொருள் விற்பதற்கு வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்களைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. பின்னர் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

அந்தச் சட்டத்தில் உங்கள் கேள்விக்கென்றே எழுதியதுபோல ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மருந்துக் கடையில் ஒருவர் மருந்து வாங்கிவிட்டு, பணம் பெற்றதற்கான ரசீதைக் கைபேசிக்கு அனுப்பும்படி தானே எண்ணைக் கொடுக்கிறார் என்றால், அந்த ரசீதை அனுப்புவதற்கு அந்தக் கடை எண்ணைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. எதற்காகக் கொடுத்தாரோ அதற்காக. அந்த எண்ணை வைத்து அவர் வாங்கிய மருந்துகளையும் அவருடைய இணைய நடமாட்டத்தையும் ஒரே கோப்பில் கட்டுவதற்குத் தனியாக ஒப்புதல் வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றில் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. ஆகவே தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பதினெட்டு வயது நிறையாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது, அரசு விலக்கு அளித்த சில வகையினர் மட்டுமே விதிவிலக்கு.

கேள்வி: புதிய சிம் வாங்கினேன். முன்பின் தெரியாத ஒருவரின் பெயரைச் சொல்லி, பிறந்தநாள் வாழ்த்தும் தள்ளுபடிச் செய்தியும் வருகின்றன. ஏன்?
– கல்லூரி மாணவி, நெல்லை

பதில்: உங்கள் எண் முன்பு வேறொருவரிடம் இருந்தது. பயன்பாடு நிறுத்தப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் கழித்துப் புதியவருக்குக் கொடுக்க நம் நாட்டுக் கைபேசி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. எண் கை மாறிய செய்தி கடைகளின் பட்டியலுக்குப் போய்ச் சேர்வதில்லை. இந்த நிலையில் நீங்கள் அதே கடைக்குப் போய் இந்த எண்ணைச் சொன்னால், அவருடைய பெயரில் உங்கள் பில் விழும். உறுதிப் பொருத்தம் என்று மேலே எழுதினேனே, அந்த உறுதியும் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

விளம்பரச் செய்திகளை நிறுத்த 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைக்குப் போகும்போது, பழைய பெயரைத் திருத்தி உங்கள் பெயரைப் போடச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் அவர் வாங்கியதெல்லாம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும், அவருடைய புள்ளிகளும் சீட்டு விவரங்களும் உங்கள் கண்ணில் படும். அந்த எண்ணைப் பழைய கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, உங்களுக்குப் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கும்படி சொல்லுங்கள். கடைக்காரர்களுக்கும் இதையே சொல்வேன்: நீண்ட நாள் எந்த பில்லும் இல்லாத ஓர் எண் திடீரென்று வேறு பெயருடன் வந்தால், கல்லாவில் இருப்பவர் “அம்மா, இது உங்கள் பழைய எண்ணா, இப்போது வாங்கியதா?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.